நீ ஜெயித்த அந்தக் கையைப் பற்றி

அன்பு மகளுக்கு,

உன் போக்கர் ஆட்டத்தைப் பற்றி நீ அனுப்பிய குறிப்புகளைப் பொறுமையாகப் படித்தேன். ஒரு கையில், அதாவது ஒரு சுற்று ஆட்டத்தில், உனக்கென்று வந்த இரண்டு சீட்டும் ஏஸாக இருந்தும் தோற்றதைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாய். அதற்கப்புறம் கொஞ்ச நேரத்தில் கிங்-ஜாக் வைத்து ஜெயித்ததைப் பற்றி மூன்றே வரி. “நல்லவேளை, போனதில் பாதி இதில் திரும்பிவிட்டது” என்று முடித்திருக்கிறாய். எனக்குக் கவலை தந்தது அந்த மூன்று வரிதான்.

ஏஸ் கையை முதலில் முடித்துவிடுவோம். அதில் பேச அதிகம் இல்லை. ஃப்ளாப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவாக மேசையில் முதலில் திறக்கிற மூன்று சீட்டில், குயின், ஏழு, இரண்டு. அதில் இரண்டு ஹார்ட்டின், எதிராளி கையில் இன்னும் இரண்டு ஹார்ட்டின். உன்னுடையதும் அவருடையதும் எல்லா சிப்ஸும் அங்கேயே உள்ளே போய்விட்டன. இன்னும் ஒரு ஹார்ட்டின் வந்து ஐந்து சேர்ந்தால் அவர் ஜெயிப்பார், அப்படி உதவக்கூடிய ஹார்ட்டின் ஒன்பது மிச்சம் இருந்தன. டர்ன், ரிவர் என்ற நாலாவது, ஐந்தாவது பொதுச்சீட்டு இரண்டும் வரவேண்டிய நிலையில் அந்த ஒன்பதில் ஒன்று விழ வாய்ப்பு சுமார் 35 சதவீதம். மூன்றில் ஏறக்குறைய இரண்டு தடவை நீ ஜெயிக்கிற இடத்தில் பணத்தைப் போட்டிருக்கிறாய். மற்ற ஒரு தடவை அன்றைக்கு வந்தது. மறுபடி அதே இடம் வந்தால் அதையேதான் செய்ய வேண்டும்.

வலிக்கும், எனக்குத் தெரியாதா? ஏஸ் ஜோடி சராசரியாக 221 கைக்கு ஒரு தடவைதான் வருகிறது. நேரடி மேசையில் மணிக்கு முப்பது கை ஆடினால்கூட, ஏழு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து கிடைக்கிற சீட்டு அது. இவ்வளவு நேரம் காத்திருந்ததாலேயே இந்தப் பாட், அதாவது நடுவில் சேர்ந்த பந்தயப் பணம், நமக்குச் சேரவேண்டியது என்று மனசு முடிவுகட்டிவிடுகிறது. ஆனால் எதிரில் கிங் ஜோடியே இருந்தாலும் ஏஸ் ஜோடி நூற்றுக்கு 82 தடவைபோலத்தான் நிற்கும். மீதி 18 தடவை யாருக்காவது நடந்துகொண்டேதான் இருக்கிறது. நீ நிறைய ஆடுகிறவள், உனக்கும் நடக்கும்.

இப்போது கிங்-ஜாக்குக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நிதானமாக உட்காரவேண்டும்.

மேசையில் முதலாவதாகப் பேசவேண்டிய இடத்தில் இருந்தவர் ரெய்ஸ் செய்தார், அதாவது பந்தயத்தை உயர்த்தினார். நீ ஸ்பேட் கிங், டைமன் ஜாக் வைத்து கால் செய்தாய், அதாவது அதே அளவு போட்டாய். ஃப்ளாப்பில் ஜாக், எட்டு, நாலு. அவர் அடித்தார், அதாவது பந்தயம் போட்டார், நீ கால். டர்னில் ஆறு. மறுபடி அடித்தார், மறுபடி கால். ரிவரில் இரண்டு. பாட்டில் 60 இருக்கும்போது அவர் 60 அடித்தார். நீ கால் செய்தாய். அவர் ஏஸ்-குயினைத் திறந்தார், ஒன்றுமே அமையாத கை. பாட் உனக்கு வந்தது.

அந்தக் கடைசி காலுக்கு என்ன விலை? 60 போட்டு 120 ஜெயிக்கப் பார்க்கிறாய். மூன்று தடவையில் ஒரு தடவை நீ முன்னால் இருந்தால் போதும், கணக்கு சரியாகிவிடும். அடுத்தது, அவர் எந்தக் கைகளோடு இப்படி அடிப்பார் என்பது. ஏஸ் ஜோடி 6 விதமாக வரலாம். ஒரு கிங் உன்னிடம் இருப்பதால் கிங் ஜோடி 3 விதம்தான். குயின் ஜோடி 6. ஜாக்கில் ஒன்று உன்னிடம், ஒன்று மேசையில், ஆகவே ஜாக் ஜோடி ஒரே விதம். ஏஸ்-ஜாக் 8. எட்டு ஜோடி 3. எல்லாம் சேர்த்து உன்னைத் தோற்கடிக்கிற கைகள் 27. சின்னச் சின்ன வாய்ப்புகளை விட்டுவிட்டேன், இப்போதைக்கு இது போதும்.

மறுபக்கம், ஒன்றும் அமையாமல் ப்ளஃப் அடிக்கக்கூடிய, அதாவது நல்ல கை இருப்பதுபோல மிரட்டக்கூடிய, கைகள்: ஏஸ்-கிங் 12, ஏஸ்-குயின் 16, மொத்தம் 28. உனக்கு மூன்றில் ஒன்று கிடைக்கவேண்டுமானால் இந்த 28இல் பாதியையாவது, அதாவது 14ஐயாவது, அவர் ஃப்ளாப், டர்ன், ரிவர் மூன்றிலும் விடாமல் அடிக்கிற ஆளாக இருக்கவேண்டும். அவர் அப்படிப்பட்டவரா? உன் குறிப்பிலேயே, அதற்கு முந்தின பக்கத்தில், நீயே எழுதியிருக்கிறாய்: “ரொம்ப நிதானமான ஆள், ரிவரில் பெரிதாக அடித்தபோதெல்லாம் கையில் சரக்கு இருந்தது.” அவரைச் சரியாகத்தான் படித்திருக்கிறாய். ஆனால் முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் அதை நினைத்தே பார்க்கவில்லை. கால் செய்ததற்கு நீ எழுதியிருக்கிற காரணம் வேறு: “என்னை மிரட்டிப் பார்க்கிறான் என்று தோன்றியது.”

அந்த வரியில் அவருடைய கையைப் பற்றி ஒரு தகவலும் இல்லை, உன் மனநிலையைப் பற்றித்தான் இருக்கிறது. குறிப்பு எழுதும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால், நீ இதுவரை படித்த எல்லாவற்றையும்விட அதிகம் முன்னேறுவாய் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தோற்ற கைகளை எல்லோரும் அலசுகிறார்கள். வலி தானாகவே அங்கே இழுத்துக்கொண்டு போய்விடும். தவறாக ஆடி ஜெயித்த கையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது சிப்ஸைக் கொடுத்து நம் வாயை அடைத்துவிடுகிறது. அடுத்த வாரம் அதே மாதிரி இன்னொரு கால், அதற்கடுத்த வாரம் இன்னொன்று. அப்புறம் ஒருநாள் எங்கே பணம் போகிறது என்றே தெரியாமல் திகைத்து நிற்போம்.

சின்ன வயதிலிருந்தே உன்னைப் பார்க்கிறேன். சிலர் கோபம் வந்தால் சத்தம் போடுவார்கள், நீ அமைதியாகிவிடுவாய், வேகமும் கூடிவிடும். சதுரங்கத்தில் தோற்றதும் காயை அடுக்கின உடனே முதல் நகர்வைச் செய்துவிடுவாய், யோசிக்கவே மாட்டாய். மேசையில் இருக்கிறவர்களுக்கு நீ டில்ட்டில், அதாவது கோபத்தில் நிதானமிழந்து, இருப்பது தெரியாது, முகம் காட்டிக்கொடுக்காது. அது அவர்களிடம் உனக்குப் பாதுகாப்பு. ஆனால் உனக்கே தெரியாமல் போய்விடுகிறது, அதுதான் ஆபத்து. ஆகவே உன் அடையாளம் வேகம் என்று வைத்துக்கொள். ஒவ்வொரு தடவையும் சிப்ஸைத் தொடுவதற்கு முன்னால் பாட்டில் எவ்வளவு இருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிப் பார். சரியாகச் சொல்ல முடிகிறதா, ஆடு. முடியவில்லையா, அந்தக் கை முடிந்ததும் எழுந்து வெளியே கொஞ்சம் நடந்துவிட்டு வா. இரண்டாவது தடவையும் முடியவில்லை என்றால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. பார்க்கச் சின்ன விஷயம்தான். ஆனால் கோபத்தில் இருக்கிறவனால் கோபத்தை அளக்க முடியாது, பாட்டை எண்ண முடிகிறதா என்று மட்டும் பார்க்க முடியும்.

“போனதில் பாதி திரும்பிவிட்டது” என்று எழுதினாயே, அதையும் சொல்லவேண்டும். டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றித்தான். ஒரே அளவு பணம் கிடைக்கும்போது வரும் சந்தோஷத்தைவிட, போகும்போது வரும் வலி பெரிது. அதோடு, லாபத்தில் இருக்கும்போது பத்திரமாக நடந்துகொள்கிற அதே மனிதர்கள், நஷ்டத்தில் இருக்கும்போது அதைச் சமன்செய்ய மோசமான வாய்ப்பைக்கூடத் துணிந்து எடுக்கிறார்கள். அன்றைக்கு நீ வீட்டிலிருந்து வந்தவுடனே அந்த கிங்-ஜாக் வந்திருந்தால் இப்படி ஆடியிருப்பாயா? மாட்டாய் என்றுதான் நினைக்கிறேன். அந்த நேரத்தில் நீ அவரோடு ஆடவில்லை, ஒரு மணி நேரத்துக்கு முன்னால் போன பணத்தோடு ஆடிக்கொண்டிருந்தாய். சீட்டுக்கு உன் கணக்கு தெரியாது அம்மா. நீ எவ்வளவு பின்தங்கியிருக்கிறாய் என்பது அடுத்த கைக்குச் சம்பந்தமே இல்லாத விஷயம்.

சரி, படிப்பு விஷயம். சால்வர், அதாவது எப்படி ஆடவேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிற கணினி நிரல், வாங்கியிருப்பதாக எழுதியிருந்தாய். நல்லது, ஆனால் விடையை முதலில் பார்த்துவிடாதே. கையை எடுத்துவை, ஒவ்வொரு இடத்திலும் நீ என்ன செய்வாய், ஏன் என்று எழுது, எதிராளியின் ரேஞ்சை, அதாவது அவரிடம் இருக்கக்கூடிய கைகளை, எண்ணு, அப்புறம் திற. முதலிலேயே விடையைப் பார்த்தால் ‘எனக்கும் அப்படித்தான் தோன்றியது’ என்று மனசு ஒத்துக்கொண்டு போய்விடும், ஒன்றும் தங்காது. அதோடு, சால்வர் சொல்வது எந்த ஓட்டையும் இல்லாமல் ஆடுகிற ஒருவருக்கு எதிரான விடை. உன் மேசையில் இருந்தவர் ரிவரில் அபூர்வமாகத்தான் ப்ளஃப் அடிப்பவர். அவருக்கு எதிராக எது சரி என்பதை நீதான் முடிவுசெய்ய வேண்டும்.

2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு தனித்தனியாக, பந்தயத்துக்கு மேல்வரம்பு இல்லாத நோ-லிமிட் ஹோல்டம் என்ற போக்கர் வகையை ஆடியது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் செய்தது. மொத்தம் 1,20,000 கைகள், முடிவில் நிரல் தெளிவாக ஜெயித்தது. எனக்குப் பிடித்தது அது இரவில் செய்த வேலை. பகலில் எதிராளிகள் எந்தெந்தப் பந்தய அளவுகளை வைத்துத் தன்னைக் குடைந்தார்கள் என்று பார்த்து, முக்கியமான ஓட்டைகளுக்கு மட்டும் இரவில் புதிதாகக் கணக்குப் போட்டு அடைத்துக்கொண்டது. எல்லாவற்றையும் ஒரே இரவில் திருத்தப் பார்க்கவில்லை. அந்த நான்கு பேரும் சும்மா இருக்கவில்லை, ராத்திரி கூடி உட்கார்ந்து அன்றைய கைகளைப் பேசினார்கள். நீயும் ஒரு சமயத்தில் ஒரு ஓட்டையை மட்டும் எடு. இந்த மாதம் முழுக்க ‘ரிவரில் பெரிய பந்தயத்துக்குக் கால் செய்வது’ மட்டும் என்று வைத்துக்கொள். பத்து விஷயத்தை ஒரே சமயத்தில் திருத்தப் போனால் மேசையில் ஒன்றும் நினைவுக்கு வராது.

ஆடி முடித்த அன்றைக்கே அலசாதே. தூங்கி எழுந்து மறுநாள் செய். அன்றைக்கு ராத்திரி கைகளை மட்டும் குறித்துவை, உடம்பு எப்படி இருந்தது, பசித்ததா, யாரோடாவது மனத்தாங்கல் இருந்ததா என்று ஒரு வரி. உனக்கு இது வேண்டாத வேலையாகத் தோன்றலாம். இரண்டு மாதம் கழித்து எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் படித்துப் பார், மோசமான கால்கள் எந்த வரிகளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன என்று.

பணத்தைப் பற்றி அப்பா என்ற முறையில் சொல்லியாகவேண்டும். ஸ்டூ உங்கர் 1980, 1981, 1997 என்று மூன்று தடவை உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை ஜெயித்தவர். ஜின் ரம்மியில் அவரோடு ஆடவே ஆள் கிடைக்காத அளவுக்குத் திறமை. சீட்டில் சம்பாதித்ததைக் குதிரைப் பந்தயத்திலும் விளையாட்டுப் பந்தயங்களிலும் விட்டார், போதைப் பழக்கமும் சேர்ந்துகொண்டது. மூன்றாவது வெற்றிக்கு அடுத்த வருஷமே, 45 வயதில், மலிவான ஒரு விடுதி அறையில் இறந்து கிடந்தார், கையில் பெரிதாக ஒன்றும் இல்லாமல். உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. சீட்டு ஆடுகிற திறமையும் பணத்தையும் மனசையும் காப்பாற்றிக்கொள்கிற திறமையும் தனித்தனி. ஒன்று இருப்பதால் மற்றது தானாக வந்துவிடாது.

ஆட்டத்துக்கென்று தனியாக ஒதுக்கிய பணத்தில் மட்டும் ஆடு. வழக்கமாக உட்காருகிற தொகையைப் போல இருபது, முப்பது மடங்கு அதில் இருக்கவேண்டும் என்பார்கள், அது நியாயமான கணக்குதான். குறைந்தால் சின்ன மேசைக்கு இறங்கு, அதில் அவமானம் ஒன்றும் இல்லை. வாடகையும் சேமிப்பும் அந்தப் பக்கமே போகக்கூடாது. ஒவ்வொரு நாளும் போனது வந்தது எல்லாவற்றையும் எழுதிவை. மேசைக்காரர்கள் எடுக்கிற ரேக் என்ற பங்கையும் சேர்த்துப் பார்த்தால் நன்றாக ஆடுகிறவர்களிலேயே பலருக்கு மிஞ்சுவதில்லை. அந்தக் கணக்கை எனக்குக் காட்டவேண்டாம், நீ பார்த்தால் போதும். யாரிடமாவது தொகையைக் குறைத்துச் சொல்கிறாய் என்றால், அல்லது வேறு ஒரு கஷ்டத்தை மறக்க மேசைக்குப் போகிறாய் என்றால், அன்றைக்கு என்னைக் கூப்பிடு. எந்த நேரமானாலும் சரி, நான் திட்டமாட்டேன். தேவைப்பட்டால் ஒரு மருத்துவரைச் சேர்ந்தே போய்ப் பார்ப்போம்.

அடுத்த தடவை நாலு கை அனுப்பு, ஜெயித்ததும் தோற்றதும் கலந்து. ஒவ்வொன்றையும் நீ முடிவெடுக்கிற இடத்தோடு நிறுத்திவிடு, எதிராளி என்ன திறந்தார், பாட் யாருக்குப் போயிற்று என்று எழுதாதே. முடிவு தெரிந்தால் நானும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவேன். கிங்-ஜாக் கையையும் மறுபடி எழுது, இந்தத் தடவை ஃப்ளாப்புக்கு முந்தின காலிலிருந்து. முதலாவதாகப் பேசுகிற நிதானமான ஆள் ரெய்ஸ் செய்திருக்கும்போது, வேறுவேறு சூட்டில் இருக்கிற கிங்-ஜாக்கை வைத்து ஏன் உள்ளே போனாய் என்று நான் இன்னும் ஒன்றுமே கேட்கவில்லை.

அன்புடன்,
அப்பா