24-க்கு 19: ஒரு நன்றி மடல்

அன்புள்ள அக்காமார்களே, அண்ணன்மார்களே, ஐயா அவர்களே,

சிங்கப்பூரில் நம் வாசிப்புக் குழுவின் ஜனவரி கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வாயை விட்டது நான்தான். இந்த வருஷம் 24 புத்தகம், மாதம் இரண்டு என்று. சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது. இப்போது டிசம்பர் கடைசி வாரம். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் பட்டியலில் 19 வரிதான் நிரம்பியிருக்கிறது. ஐந்து குறைகிறது. ஆனால் மூத்தவள் பிறந்ததிலிருந்து போன வருஷம் வரை நான் படித்து முடித்ததையெல்லாம் கூட்டினாலும் பத்தைத் தாண்டாது. அதனால் இந்தப் பத்தொன்பதும் யார் யாரால் வந்தது என்று எழுதிவிடலாம் என உட்கார்ந்திருக்கிறேன். சின்னவன் தூங்கிவிட்டான். எப்படியும் ஒரு மணி நேரம் கிடைக்கும்.

முதலில் ஐயாவுக்கு. "புத்தகத்தை எண்ணாதேம்மா, பக்கத்தை எண்ணு" என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவர் அவர். நூலகத்தில் இரவல் எடுத்தால் 21 நாள். முந்நூறு பக்க நாவல் என்றால் நாளுக்குப் பதினைந்து பக்கம் போதும். தவறினால் புத்தகத்துக்கு நாளைக்கு 15 காசு தாமதக் கட்டணம். காசு பெரிதில்லை, மானம் போகுமே! செங்காங்கில் ரயில் ஏறி அவுட்ரம் பார்க்கில் இறங்குவதற்குள், உட்கார இடம் கிடைத்தால் பன்னிரண்டு பக்கம் ஓடும். நின்றுகொண்டே போனால் எட்டு. செராங்கூனில் கூட்டம் இடித்துக்கொண்டு ஏறும்போது வரி தப்பிவிடும்; ஒரே பத்தியை மூன்று தரம் படித்த நாளும் உண்டு. மிச்சத்தை வீடு திரும்பும்போது படித்துக்கொள்வேன். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே எத்தனை வருஷம் இதே ரயிலில் போய்வந்தேன் என்று நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

ஐயா ஸ்டாம்ஃபர்ட் ரோட்டுப் பழைய நூலகத்தைப் பற்றிச் சொல்வதை இதுவரை பதினோரு தடவையாவது கேட்டிருப்போம். 1960-இல் திறந்த அந்தச் செங்கல் கட்டடம், அதன் படிக்கட்டு, சுரங்கச் சாலைக்காக 2004-இல் மூடி இடித்தது, எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். பன்னிரண்டாவது தடவையும் சொல்லுங்கள் ஐயா. வடை வருகிற வரைக்கும் பொழுது போக வேண்டாமா?

அடுத்து அத்தை. என் மாமியார். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்களாம். மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லிட்டில் இந்தியாவில் வாங்கிவந்த முருங்கைக்கீரையைத் தாம்பாளத்தில் பரப்பி ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் கூட உட்கார்ந்து ஆய வேண்டும். ஆனால் கையிலிருந்த நாவலில் முப்பது பக்கம் பாக்கி, மறுநாள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, "நீ படி, நான் ஆயுறேன். ஆனா சத்தமாப் படி, நானும் கேக்குறேன்" என்றார்.

படித்தேன். அத்தியாயம் முடிந்து தண்ணீர் குடிக்க நிறுத்தினால், காம்பைக் கிள்ளப் போன கை அப்படியே நிற்கும். "அப்புறம்?" என்பார். குக்கர் விசில் அடித்தால் "இரு இரு, நான் இல்லாம மேல போயிடாதே" என்று ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வருவார். கடைசி முப்பது பக்கத்தைக் கேட்டவருக்கு முதல் இருநூறு பக்கத்தில் என்ன நடந்தது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் தவணையை நீட்டித்துக்கொண்டு வந்து ஆரம்பத்திலிருந்து படித்தேன். தனியாகப் படித்தபோது எனக்கு எட்டாததெல்லாம் அவர் காதில் விழுந்தது. "இந்தப் பொம்பளை பொய் சொல்றா, பாரு" என்று ஒரு பாத்திரத்தைப் பற்றி ஐம்பதாம் பக்கத்திலேயே சொல்லிவிட்டார். எனக்கு அது முதல் வாசிப்பில் நூற்றைம்பதில்தான் உறைத்தது.

அந்த ஞாயிறுகளில் முடிந்தவை மட்டும் ஏழு புத்தகம். இவை கணக்கில் சேருமா என்று நம் குழுவில் நடந்த சண்டை ஞாபகம் இருக்கிறதா? சேரும் என்றார்கள் சிலர். இருவர் படித்ததால் இரண்டாக எண்ண வேண்டும் என்றார் ஓர் அக்கா. அத்தை பாதி நேரம் பேசிக்கொண்டிருந்ததால் அரைதான் என்றார் ஓர் அண்ணன் (அவரை இன்னும் மன்னிக்கவில்லை). கடைசியில் என் மகள் தீர்ப்புச் சொன்னாள். ஒன்றாகவே எண்ணலாம், பக்கத்தில் ஒரு காது வரைந்துவிடலாம் என்று. ஃபிரிட்ஜ் கதவில் இப்போது ஏழு காதுகள் இருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் என்னவென்று கேட்காமல் போவதில்லை.

மகளுக்கு இந்த வருஷம் தொடக்கநிலை ஆறு, அதாவது ஆறாம் வகுப்பு; தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதும் வருஷம். இங்கே பிள்ளை பெற்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். ஆகஸ்டில் வாய்மொழித் தேர்வு தொடங்கியதிலிருந்து அக்டோபரில் கடைசித் தாள் எழுதி முடிக்கும் வரை நான் ஒரு புத்தகத்தையும் தொடவில்லை. குழுவிலிருந்து கழன்றுகொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். முன்பு வேறொரு வாசிப்புக் குழுவில் இருந்தேன். மாதம் தவறினால் அங்கே ஒரு பார்வை பார்ப்பார்கள், அந்தப் பயம். நீங்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. செப்டம்பர் கூட்டத்துக்கு முதல் நாள், நம்மில் மூத்த அக்கா ஒரு சிறுகதையைப் படமெடுத்து அனுப்பினார். ஆறே ஆறு பக்கம். "இது மட்டும் படிச்சிட்டு வா, போதும்" என்று கீழே ஒரு வரி. அதைத் துணைப்பாட நிலையத்தின் வாசலில், சுவரில் சாய்ந்துகொண்டு படித்தேன். கூட்டத்துக்கு வந்தேன். அன்றைக்குப் பேசியது முழுக்க அந்தக் கதையைப் பற்றித்தான். எனக்காக மாதத்துப் புத்தகத்தையே தள்ளிவைத்திருந்தீர்கள் என்பது பிறகு அண்ணன் வாய்தவறிச் சொல்லித்தான் தெரிந்தது.

எங்கள் பேட்டை நூலகத்தின் ஊழியர் ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும், அவர் இதைப் படிக்கமாட்டார் என்றாலும். எனக்குப் பக்க அடையாளத்துக்குக் கையில் கிடைத்ததை வைக்கிற பழக்கம். ரசீது, கறிவேப்பிலைக் காம்பு, சின்னவனின் ஸ்டிக்கர். ஜூனில் ஒரு காலை ரயில் கட்டணம் செலுத்தும் ஈசி-லிங்க் அட்டையை வைத்துவிட்டு, அதோடு புத்தகத்தைத் திருப்பிப்போடும் பெட்டிக்குள் தள்ளிவிட்டு, எம்ஆர்டி ரயில் நிலைய நுழைவாயிலில் போய்க் கைப்பையைக் கொட்டித் தேடிக்கொண்டிருந்தேன். மத்தியானம் போய் விசாரித்தால், அந்த ஊழியர் சிரிக்காமல் ஒரு உறையை எடுத்து நீட்டினார். உள்ளே அட்டையும், அதற்கு முந்தைய மாதம் நான் தொலைத்த பலசரக்குப் பட்டியலும். அந்தப் பட்டியலை ஏன் பத்திரப்படுத்தினார் என்று இன்றுவரை புரியவில்லை. அங்கே இல்லாத தமிழ்ப் புத்தகங்களை வேறு கிளைகளிலிருந்து முன்பதிவு செய்து வரவழைக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

கைப்பேசியைத் திட்டினேன் இல்லையா, அதற்கும் ஒரு நன்றி கடன்பட்டிருக்கிறேன். சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தின் ஐம்பது வருஷ நூல்களை மின்வடிவாக்கி 2015-இல் வெளியிட்டார்கள், தேசிய நூலகத்தின் தளத்தில் படிக்கலாம் என்று ஐயா சொன்னபோது நான் காதில் வாங்கவில்லை. அப்புறம் ஒரு ராத்திரி சின்னவனுக்குக் காய்ச்சல். விளக்குப் போட முடியாது, மடியை விட்டு இறங்கமாட்டான். இருட்டில் ஒரு கையால் திரையைத் தள்ளித் தள்ளி, நான் பிறப்பதற்கு முன்னால் இந்த ஊரில் யாரோ எழுதிய கதைகளைப் படித்தேன். விடிந்தபோது தொகுப்பில் பாதி முடிந்திருந்தது. காய்ச்சலும் இறங்கியிருந்தது.

எதிர்வீட்டு மலாய்ப் பாட்டிக்கு நன்றி. கூட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் நான் திரும்பி வரும் வரை சின்னவன் அவர் வீட்டில்தான். நான் கதவைத் தட்டும்போதெல்லாம் "சூடா ஹபிஸ்?" என்பார். புத்தகம் முடிந்ததா என்று கேட்கிறார். சின்னவன் அவருக்குச் சூடாக ஏதோ வேண்டும் என்று நினைத்துக்கொண்டு என்னைத் தேநீர் போடச் சொல்வான். போட்டுக் கொடுத்தும் இருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் தமிழ் முரசு நாளிதழ் தவிர வேறெதையும் படிப்பதில்லை. "1935-லேருந்து வருது, அதையே இன்னும் முடிக்கலை" என்பார். சனிக்கிழமைப் பாத்திரம் முழுவதும் அவர் பொறுப்பு. இது எப்படி வந்தது என்றால், ஏப்ரல் கூட்டத்தில் மூத்த அக்கா ஒரு கேள்வி கேட்டார்: "இந்த நாவலில் எட்டு இடத்தில் விருந்து நடக்கிறது. பாத்திரத்தை யார் கழுவினார்கள்?" எல்லாரும் பக்கத்தைப் புரட்டித் தேடினோம். எங்கேயும் இல்லை. அதற்கு முன் அந்த நாவலின் நடையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருந்தோம். அதில் எனக்கு ஒன்றும் நினைவில்லை. வீட்டுக்கு வந்து அதே கேள்வியை அப்படியே கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் எழுந்துபோய்க் குழாயைத் திறந்தார்.

அடுத்த வருஷத்துக்கு நான் எண்ணிக்கை எதுவும் சொல்லப்போவதில்லை. கேட்காதீர்கள். ஜனவரிப் புத்தகத்துக்கு முன்பதிவு போட்டாகிவிட்டது. மசால்வடை என் முறை.

அன்புடன்,
செங்காங்கிலிருந்து உங்கள் தங்கை

பி.கு.: அக்கா, தீபாவளிக்கு வந்தபோது நீங்கள் மறந்துவிட்டுப்போன பூதக்கண்ணாடி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. சனிக்கிழமை கொண்டுவரலாம் என்று பைக்குள் வைத்தேன். காலையில் பார்த்தால் பைக்குள் இல்லை. அத்தை பால்கனியில் உட்கார்ந்து, அதை வைத்துக்கொண்டு தானாகவே படித்துக்கொண்டிருக்கிறார். நாற்பதாம் பக்கம். கேட்டதற்கு, முடித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லச் சொன்னார்.