கேள்வியை மாற்றிப் போட்டதும்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. நடவு ஓடிக்கொண்டிருந்ததால் உட்கார்ந்து எழுத முடியவில்லை. இந்த வருஷமும் நம் வயலில் மேற்கு வங்காளத்து ஆட்கள்தான் நட்டார்கள். ஆம்பிளைகள் வரிசையாகக் குனிந்து நாற்று நடுவதை அம்மா இன்னும் வரப்பில் நின்று ஆச்சரியமாகப் பார்க்கிறாள்.

தங்கை மகள் கல்லூரி ப்ராஜெக்ட்டுக்காக மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்து அரசியல்காரர்களிடம் பொருளாதாரம் பற்றியும் வெளிமாநிலத் தொழிலாளர் பற்றியும் கருத்துக் கேட்டாள், துணைக்கு நானும் போனேன். கிளைச் செயலாளர், ஒன்றியச் செயலாளர், முன்னாள் கவுன்சிலர் என்று எல்லாக் கட்சியிலும் பார்த்தோம். பொருளாதாரத்தில் பெரிய வித்தியாசமே இல்லை. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்க வேண்டும், நெல்லுக்கு விலை கூட்ட வேண்டும், கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதக் கணக்கைத் தளர்த்த வேண்டும். கட்சிப் பெயரை மறைத்துவிட்டால் எது யார் பதில் என்று சொல்லவே முடியாது.

வடக்கத்தி ஆட்கள் என்றதும் குரல் மாறியது. ‘நம்ம பிள்ளைங்க வேலை போகுது, சட்டம் போட்டுத் தடுக்கணும்’ என்றார் ஒருவர். நாட்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் போய் வேலை பார்க்க அரசியலமைப்பின் 19-வது பிரிவு உரிமை தருகிறதே என்று அவள் சொன்னாள், அவர் பேச்சை மாற்றிவிட்டார். அவர் வயலிலும் வங்காளத்து ஆட்கள்தான் நட்டிருந்தார்கள்.

அப்புறம் அவள் ஒன்று செய்தாள். மீதிப் பேருக்குக் கேள்வியின் வரிசையை மாற்றினாள். நம் ஊர்ப் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலை பார்க்க அந்த ஊர்க்காரர்கள் இடம் கொடுக்க வேண்டுமா என்பது முதலில், வடக்கத்தி ஆட்கள் அதற்குப் பிறகு. அநேகமாக எல்லோரும் தணிந்துதான் பேசினார்கள். 1948-இல் அமெரிக்காவில் இப்படி நடந்திருக்கிறதாம், ரஷ்ய நிருபர்களை நம் நாட்டில் விடலாமா என்று நேரே கேட்டபோது வந்த சம்மதம், நம் நிருபர்களை ரஷ்யா விட வேண்டுமா என்று முதலில் கேட்டுவிட்டுக் கேட்டபோது ஏறக்குறைய இருமடங்கு ஆனதாம். இதைத் தந்திரம் என்று நான் நினைக்கவில்லை. தன் வீட்டுப் பிள்ளை ஞாபகம் வந்த பிறகு சொல்லும் பதில்தான் யோசித்துச் சொன்ன பதில். மேடையில் மட்டும் அந்த முதல் கேள்வியை யாரும் கேட்பதில்லையே, அதுதான் எனக்கு வருத்தம். 2023-இல் தமிழ்நாட்டில் வடக்கத்தி ஆட்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியபோது நம் தெரு அரிசி ஆலையில் இருந்த பீகார் பையன்கள் ராத்திரியோடு ராத்திரியாக மூட்டை கட்டியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

2013-இல் நீ இருக்கும் சிங்கப்பூரில், வெளிநாட்டவரையும் சேர்த்து மக்கள்தொகை 69 லட்சம் வரை ஏறலாம் என்று அரசாங்கத்தின் வெள்ளை அறிக்கை வந்து, ஹாங் லிம் பூங்காவில் எதிர்த்துக் கூட்டம் கூடிய வாரம், டாக்ஸியில்கூடத் தமிழில் போன் பேசத் தயக்கமாக இருந்தது என்று எழுதியிருந்தாயே. அந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். இப்போது அங்கே தேர்தலுக்கு நிற்பவர்கள் இதைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று விவரமாக எழுது, அவள் கேட்கிறாள்.

தீபாவளிக்கு வருகிறாய்தானே?

உன் பழைய பெஞ்சுக்காரன்