சான்றிதழ் வரட்டும், கால்களையும் எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உலகமும் இந்தியாவும் ஒழித்துக்கட்டிய நோய்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1980-இல் பெரியம்மை உலகத்தை விட்டே போனது, 2000-இல் நரம்புச்சிலந்தி இல்லாத நாடாக இந்தியா அறிவிக்கப்பட்டது, 2014-இல் போலியோ, 2024-இல் டிரக்கோமா என்ற கண்நோய் என்று வரிசையாகப் படிக்கும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. யானைக்கால் நோய்க்கு மட்டும் ஒரே வரி: 2027-க்குள் ஒழிக்க இலக்கு. கும்பகோணத்துக்காரனுக்கு அது போதாது. வெற்றிலைக்கும் காபிக்கும் அடுத்தபடியாக எங்கள் ஊர் வெளியூரில் பெயர் வாங்கியது கொசுவுக்கும் யானைக்காலுக்கும்தான். இந்தப் பக்கம் பெண் கொடுக்கவே யோசித்த காலம் உண்டு.

இந்த 2027 முதல் கெடு அல்ல என்பதையும் கட்டுரையாளர் சொல்லியிருக்கலாம். 2002-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை 2015-க்குள் முடிப்போம் என்றது. பிறகு கெடு நகர்ந்துகொண்டே வந்தது. இதற்காக நான் யாரையும் திட்ட மாட்டேன். சுகாதாரத் துறையில் களவேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் கொசுக்கடி வழியாகப் பரவி இந்த நோயைத் தரும் புழு எவ்வளவு பிடிவாதமானது என்று தெரியும். நிணநீர்க் குழாய்க்குள் குடியேறிய பெரிய புழு பல வருடம் உயிரோடிருந்து குஞ்சுகளை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். டி.இ.சி., அல்பெண்டசோல் என்ற இரண்டு மாத்திரைகளும் முக்கியமாக அந்தக் குஞ்சுகளைத்தான் காலி செய்யும். ஆகவே பெரிய புழு சாகும்வரை ஊரே வருடா வருடம் மாத்திரை விழுங்க வேண்டும், உடம்பில் ஒன்றும் இல்லாதவர்கள் உட்பட. "எனக்கென்ன யானைக்காலா இருக்கு?" என்று கேட்டுவிட்டு மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு போனவர்களைக் கூப்பிட்டு நிறுத்தி, எங்கள் கண் முன்னால் விழுங்க வைப்பது தனி வேலை. ரத்தம் எடுக்கப் போனாலும் இதே கதைதான். குஞ்சுகள் ராத்திரியில்தான் ரத்த ஓட்டத்தில் மேலே வரும். புழுவைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு கடிப்பதும் அதே நேரம். ஊர் தூங்கப் போகிற நேரத்தில் ரத்தத் துளி வைக்கும் கண்ணாடிச் சில்லும் ஊசியுமாகப் போய் நின்றால் நாய்கூடச் சந்தேகமாகத்தான் பார்க்கும்.

இவ்வளவுக்குப் பிறகு தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் ஊர் முழுக்க மாத்திரை வழங்குவது நின்று, கண்காணிப்பு மட்டும் நடக்கிறது. பெரிய வெற்றிதான். ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளின் விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். அவர்கள் அண்மையில் பிறந்தவர்கள் என்பதால், அவர்களிடம் தொற்று இல்லையென்றால் நோய் புதிதாகப் பரவவில்லை என்று கணக்கு.

ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழுக்கு இன்னொரு பாதியும் உண்டு. உங்கள் கட்டுரையில் அது விட்டுப்போனது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். 2000-இல் தொடங்கிய உலகத் திட்டத்துக்கு ஆரம்பத்திலிருந்தே இரண்டு குறிக்கோள்கள். ஒன்று, பரவலை நிறுத்துவது. மற்றது, ஏற்கெனவே கால் வீங்கியவர்களுக்கும் இதே புழுவால் விரைவீக்கம் (விதைப்பையில் நீர் கோத்து வீங்குவது) வந்தவர்களுக்கும் அடிப்படைப் பராமரிப்பு கிடைக்கச் செய்வது. எங்கே எத்தனை நோயாளிகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வசதி இருக்கிறது என்று ஒரு நாடு எழுதிக் காட்டியாக வேண்டும். உலகம் முழுக்க விரைவீக்கத்தோடு சுமார் 2.5 கோடி ஆண்களும், கைகால் வீக்கத்தோடு 1.5 கோடிக்கும் அதிகமானவர்களும் இருப்பதாக அந்த நிறுவனமே சொல்கிறது. மாத்திரையால் இவர்களின் பழைய வீக்கம் வடியாது.

எங்கள் பக்கம் இது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கினால் பெண்கள் நாள் முழுக்கச் சேற்றில் நிற்பார்கள். விரல் இடுக்கில் சேற்றுப்புண் வரும். மற்றவர்களுக்கு அது அரிப்பு, எரிச்சல், மஞ்சள் அரைத்துப் பூசினால் சரி என்கிற விஷயம். வீங்கிய காலுக்கு அப்படி அல்ல. நிணநீர் ஓட்டம் கெட்ட காலில் அந்தப் புண் வழியாகக் கிருமி நுழைந்தால் நெறி கட்டும், குளிர் காய்ச்சல் தூக்கிப்போடும், கால் சிவந்து கொதிக்கும். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் பிறகு வீக்கம் ஒரு படி கூடும். கால் பருத்துப் போவதில் இந்தக் காய்ச்சலுக்குப் பெரிய பங்கு உண்டு. அது கூலி வேலைக்காரியை எத்தனை நாள் படுக்கையில் போடும் என்று எந்தச் சான்றிதழிலும் வராது.

இதைத் தடுக்கும் வழி வெட்கப்படும் அளவுக்கு எளிது. தினமும் சோப்பும் சுத்தமான தண்ணீரும் போட்டுக் காலைக் கழுவி, விரல் இடுக்குகளை ஈரம் போகத் துடைத்து, புண் இருந்தால் களிம்பு பூச வேண்டும். உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைக்க வேண்டும், கணுக்காலை அசைத்துப் பயிற்சி செய்ய வேண்டும், செருப்பில்லாமல் நடக்கக் கூடாது. செருப்பு என்றதும் நினைவு வருகிறது: தொழுநோயாளிகளுக்கு அரசு எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு கொடுக்கிறது. வீங்கிய காலுக்குப் பொருந்தும் செருப்பைக் கடைத்தெரு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

முற்றிய நிலையில் இருப்பவர்களுக்கு மாநில அரசு மாத உதவித்தொகை தருவதை மறுக்கவில்லை. நான் கேட்பது, கால் அந்த நிலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டு வாசலுக்கே ஆள் வருகிறார். டெல்டா மாவட்டங்களில் அதே ஆள் வீங்கிய காலையும் பார்த்து, கழுவிக் காட்டி, வருடத்துக்கு ஒரு தடவை பேசின், துண்டு, சோப்பு, களிம்பு கொடுத்துவிட்டுப் போனால் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

இலங்கையைப் பாருங்கள். வேதாரண்யத்துக்கு எதிர்க்கரை. 1947-லேயே யானைக்கால் ஒழிப்புக்கென்று தனி அமைப்பு வைத்து, 2016-இல் சான்றிதழ் வாங்கினார்கள். வாங்கிய பிறகும் அந்த அமைப்பைக் கலைக்கவில்லை. நம்மிடம் கியூலெக்ஸுக்கு இன்னும் சாக்கடையும் மூடாத செப்டிக் டேங்கும் ஏராளம். கண்காணிப்பைக் கைவிட்டால் புழு திரும்பி வர வழி இருக்கிறது.

கடைசியாக இதழுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது கால் கழுவும் முறையைப் பெரிய எழுத்தில் ஒரு கட்டம் போட்டு வெளியிடுங்கள். பக்கத்திலேயே விரைவீக்கத்தைப் பற்றியும் இரண்டு வரி எழுதுங்கள். கூச்சத்தால் வேட்டிக்குள் மறைத்துக்கொண்டே காலம் தள்ளும் ஆண்கள் நிறையப் பேர். சின்ன அறுவை சிகிச்சையில் அது சரியாகும், அரசு மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதாரக் களப்பணியாளர்,
கும்பகோணம்