உறைபனி எந்தப் பள்ளத்தில் என்று சொல்லுங்கள்: வானிலை ஆய்வு மையத்துக்கு ஒரு திறந்த மடல்

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தாருக்கும் நீலகிரி மாவட்ட நிர்வாகத்துக்கும் கேத்தி பள்ளத்தாக்கிலிருந்து வணக்கம்.

மார்கழி, தை வந்தால் உங்கள் அறிக்கையில் எங்களுக்கென்று ஒரு வரி இருக்கும். நீலகிரியில் ஓரிரு இடங்களில் இரவிலோ அதிகாலையிலோ உறைபனிக்கு வாய்ப்பு என்பதுதான் அது. அந்த வரியில் பிழை எதுவும் இல்லை, எங்காவது ஓரிடத்தில் உறையத்தான் செய்கிறது. ஆனால் அதைப் படித்துவிட்டு சாயங்காலம் நாலு மணிக்குத் தோட்டத்தில் நிற்கிறவர் என்ன முடிவு எடுப்பார்? அதைப் பற்றித்தான் இந்த மடல்.

எங்கள் மாவட்டம் ஒரே உயரத்தில் இல்லை. கூடலூர் சுமார் 1,000 மீட்டர், உதகை 2,240, தொட்டபெட்டா 2,637. கூடலூர்க்காரருக்கு உறைபனி பற்றிய கவலையே கிடையாது. சரி, உயரம் கூடக் கூட உறைபனியும் கூடும் என்று கணக்குப் போட்டால் அதுவும் பொய்த்துப் போகும். மேகமில்லாத, காற்றடிக்காத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று கனத்து, தண்ணீர் மாதிரி பள்ளம் தேடி இறங்கித் தேங்கிவிடுகிறது. அதனால்தான் மலைச்சரிவு தப்பித்துக்கொள்ள, தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி, உதகை குதிரைப் பந்தய மைதானம் என்று தாழ்ந்த இடங்கள் வெளுத்துக் கிடக்கின்றன. ஒரே ஊரிலேயே மேல் அடுக்குத் தேயிலை பச்சையாக இருக்கும், ஓடைக்கரைக் கேரட் பாத்தி உப்புத் தூவினது போல இருக்கும். ஒரு மாவட்டத்துக்கு ஒரு வரி என்பது இங்கே பொருந்தாது.

அடுத்தது வெப்பமானி. உங்கள் நிலையங்களில் அது வெள்ளைப் பெட்டிக்குள், ஏறக்குறைய ஆள் நெஞ்சு உயரத்தில் இருக்கிறது. காற்றின் வெப்பநிலையை அளக்க அதுதான் முறை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் செடி வளர்வது தரையில். பெட்டிக்குள் 3 டிகிரி, 4 டிகிரி என்று காட்டும் விடியலிலும் புல்நுனி உறைந்திருக்கும். செய்தியில் ‘உதகையில் 4 டிகிரி’ என்று கேட்டு, பூஜ்யத்துக்குப் போகவில்லையே என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறவர் காலையில் கருகிய இலையைப் பார்க்கிறார். தரைமட்ட வெப்பநிலையை அளக்கும் வழக்கம் வானிலைத் துறைக்குப் புதிதல்ல. அந்த எண்ணையும் சேர்த்துச் சொன்னால் போதும்.

முன்கூட்டிச் சொன்னால் என்ன பயன் என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. சின்னத் தேயிலைத் தோட்டத்துக்காரர் முந்தின நாளே செடிகளை மூடிவிடலாம். தாவரவியல் பூங்காவில் கோத்தகிரி மிலார் என்ற செடிகளைக் கொண்டு நாற்றுகளை மூடுவதைச் சுற்றுலாப் பயணிகள்கூடப் பார்த்திருப்பார்கள். ஏக்கர் கணக்கில் அப்படி மூட ஆள் வேண்டும், கூலி வேண்டும். தேவையில்லாத இரவில் மூடினால் அந்தக் கூலி வீண். மூடாமல் விட்டு உறைந்துவிட்டால் கொழுந்து கருகி, மறுபடி துளிர்க்கும்வரை வருமானமில்லை. காய்கறிக்காரர் வெயில் ஏறுமுன் தண்ணீர் அடித்துப் பனியைக் கழுவிவிடுவார். அதற்கு மோட்டாரும் ஆளும் இருட்டிலேயே தயாராக இருக்க வேண்டும். கேரட் பிடுங்கப் போகிறவர்கள் விடியும் முன்பே ஈரமண்ணில் கை வைக்கிறார்கள். நாளை கடும் பனி என்று தெரிந்தால் வேலையை இரண்டு மணி நேரம் தள்ளி வைக்கலாம், மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரியையும் அதற்கேற்பப் பேசிக்கொள்ளலாம்.

ஒரு வாரத்துக்கு முன்பே பள்ளம் பள்ளமாகச் சொல்லிவிட முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். வங்கக்கடலில் ஒரு தாழ்வுப் பகுதி உருவானால் மேகம் வந்து மூடிக்கொள்ளும், அன்றைக்கு உறைபனி இல்லை. அது விலகி வறண்ட காற்று வந்தால் இரண்டு மூன்று நாள் நீர்ப்பனி, அப்புறம் உறைபனி. இங்கே பெரியவர்கள் வானத்தைப் பார்த்துச் சொல்வதும் ஏறக்குறைய இதேதான். உங்களிடம் செயற்கைக்கோள் இருக்கிறது, வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் இருக்கின்றன. அடுத்த ஏழு நாளில் எந்தெந்த இரவு தெளிந்த வானம், காற்று எப்படி, ஈரப்பதம் எவ்வளவு என்பதை வைத்து வாய்ப்பு குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்றே சொல்லில் சொல்லுங்கள். ஐந்தாம் நாள், ஆறாம் நாள் கணிப்பு மாறலாம் என்பதையும் அங்கேயே எழுதுங்கள். மாறினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். செவ்வாயும் வெள்ளியும் வரும் வேளாண் வானிலை அறிக்கையில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கினாலே பெரிய உதவி. அன்றன்றைக்கு மதியம் மூன்று மணிக்குள் அந்த இரவுக்கான எச்சரிக்கை, ஊர்ப் பெயரோடு, வட்டம் வாரியாக வர வேண்டும். இரவு எட்டு மணிக்கு வந்தால் மூட ஆள் கிடைக்காது.

மாவட்ட நிர்வாகத்துக்குத் தனியாக ஒன்று. குளிர் தாங்காமல் அடுப்புக்கரியை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்கி, புகையில் மூச்சடைத்து இறப்பது இந்த மலையில் திரும்பத் திரும்ப நடக்கிறது. விடுதி அறையில் தங்குகிறவர்கள், வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் இருப்பவர்கள் இவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். உறைபனி எச்சரிக்கை போகிற அன்றே, அதே செய்தியில், கரி அடுப்பை அறைக்குள் வைக்காதீர்கள் என்று தமிழிலும் இந்தியிலும் போகட்டும். படுகர் மக்களின் ஹெத்தையம்மன் பண்டிகை நேரத்தில் கோத்தகிரி பக்கத்துப் பேரகணிக்கு வெறுங்காலோடு நடந்து வருகிறவர்களில் முதியோரும் உண்டு. அந்த வாரத்து முன்னறிவிப்பு ஊர்த் தலைவர்கள் கைக்கு முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும்.

அளவீடு இல்லாமல் கணிப்பு சரிவராது என்று நீங்கள் சொன்னால் அது நியாயம்தான். முத்தோரையில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம், உதகையில் மண்வள ஆராய்ச்சி மையமும் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. அவர்களோடு சேர்ந்து, உறையும் என்று ஊரறிந்த பள்ளங்களில் தரைமட்ட வெப்பமானிகளை வையுங்கள். கேத்தி பாலாடாவிலும் ஒன்று வேண்டும். கார்த்திகை பிறப்பதற்குள் வைத்துவிட்டால் இந்தப் பனிக்காலத்துக்கே பயன்படும். வைக்க நிலம் தர இங்கே விவசாயிகள் தயார். தினமும் காலையில் பார்த்து எழுதி உங்களுக்கு அனுப்பிவைக்கும் பொறுப்பையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கேத்தி பள்ளத்தாக்குக் காய்கறி விவசாயி ஒருவர்