போடி ரயிலைப் பற்றிப் பாப்பாவுக்கு

போடிநாயக்கனூர்
3.9.2023

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பத்தாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை. இன்று ஞாயிற்றுக்கிழமை, கடை லீவு. உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது.

போன வாரம் போனில் ஒன்று கேட்டாய். "ஒரு ரயில் வந்ததுக்கு ஊரே ஏன்ப்பா இப்படிக் கொண்டாடுது? அதான் பஸ் இருக்கே?" கடையில் ஆள் நின்றதால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. நீ கேட்டதில் தப்பும் இல்லை. 2010 டிசம்பர் 31ஆம் தேதியோடு ரயில் நின்றபோது நீ நாலாம் வகுப்பு. மறுபடி நம் ஊர் வரை வந்தது இந்த ஜூன் 15ஆம் தேதி. அதற்குள் நீ பள்ளிக்கூடம் முடித்து, மதுரையில் காலேஜும் முடித்து, சென்னைக்கு வேலைக்கே போய்விட்டாய். நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்ததும் கடைசி வாரத்தில் உன்னைத் தேனி வரை கூட்டிப்போய் வந்தேன். போகும்போதும் தூங்கினாய், வரும்போதும் தூங்கினாய். ரயில் என்றால் உனக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகிறது?

முதலில் இந்த ஊருக்கு ரயில் எதற்காக வந்தது என்று தெரிந்துகொள். நமக்கு மேற்கே மலை. மலையில் ஏலம், தேயிலை, காப்பி. விளைகிறதெல்லாம் கீழே இறங்கி மதுரைக்கும் துறைமுகத்துக்கும் போயாக வேண்டும். நீ காலேஜ் டூரில் டாப் ஸ்டேஷன் போய்ப் போட்டோ அனுப்பினாயே, அந்த மலை உச்சிக்கு ஒரு காலத்தில் நிஜமாகவே ரயில் ஓடியது. மூணாறிலிருந்து குண்டளை வழியாக 1902இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டு, மாடு பூட்டி வண்டிகளை இழுத்தார்கள். 1908இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் இரட்டைத் தண்டவாளம் போட்டு எஞ்சின் ஓட்டினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கிக்கொண்டே கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி. 1924 ஜூலை வெள்ளம் மூணாறையே புரட்டிப் போட்டபோது அந்த மலை ரயிலும் போய்விட்டது. திரும்பக் கட்டவே இல்லை.

நம் பாதை அதற்கு நாலு வருஷம் கழித்து, 1928 நவம்பரில் வந்தது. மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடி. மொத்தம் 90 கிலோமீட்டர், மீட்டர் கேஜ், அதாவது அகலம் குறைந்த பாதை. போடியோடு முடிந்துவிடும். அதற்கு மேல் மலைதான்.

இனி சொல்வதைத்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். அந்தப் பாதை 14 வருஷம்கூட முழுசாக ஓடவில்லை. இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, 1942இல், தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். இரும்பு போருக்கு வேண்டும் என்றார்கள். கேரளத்தில் ஷொரணூர் - நிலம்பூர் பாதைக்கும் அதே கதிதான். இங்கே மறுபடி தண்டவாளம் வந்தது சுதந்திரம் எல்லாம் கிடைத்து, 1953-54 வாக்கில். என் அப்பா, உன் தாத்தா, விவரம் தெரிந்த நாளிலிருந்து ரயில் இல்லாத போடியில்தான் வளர்ந்தார். மண்மேடு மட்டும் நீளமாகக் கிடக்கும், அதில் ஆடு மேய்ப்போம் என்று சொல்வார். மீசை முளைக்கிற வயதில்தான் அவர் ரயிலைக் கண்ணால் பார்த்தார். அப்புறம் அதே ஸ்டேஷனில் ஏல மூட்டை தூக்கித்தான் எங்களை வளர்த்தார்.

அதாவது, நம் வீட்டில் தாத்தாவும் பேத்தியும் சின்ன வயதில் ரயில் இல்லாமல் வளர்ந்தீர்கள். நடுவில் எனக்கு மட்டும் ரயில் வாய்த்தது. அதனால்தான் இவ்வளவு பேசுகிறேன்.

எனக்குத் தெரிந்த ரயில் கரி எஞ்சின் ரயில். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழும், சட்டை அழுக்காகும், அம்மா திட்டுவார். ஆண்டிபட்டிக் கணவாய் வந்தால் வேகம் குறைந்துவிடும். இரண்டு பக்கமும் பாறை, கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருக்கும். ஆண்டிபட்டியில் பூக்கூடைகள் ஏறும். ஈரத்துணி போட்டு மூடிய மல்லிகைக் கூடையைக் கதவோரம் வைத்துவிட்டு, அந்த அம்மாக்கள் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து வெற்றிலை மடிப்பார்கள். உசிலம்பட்டி தாண்டுவதற்குள் பெட்டி முழுக்கப் பூ வாசம். எங்கள் பக்கத்து மூட்டையிலிருந்து ஏல வாசம். மதுரை போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆனாலும் யாரும் அலுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. பஸ்ஸுக்குக் கொடுக்கக் காசு இல்லாதவர்கள்தான் பாதிப் பேர். மலைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்துவிட்டு சொந்த ஊருக்குப் போகிறவர்கள், பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், இலவம்பஞ்சு மெத்தை விற்கப் போகிறவர்கள்.

பிறகு ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்பாய். நாடு முழுக்கப் பாதையை ஒரே அகலத்துக்குக் கொண்டுவர 1992லேயே முடிவெடுத்தார்கள். மீட்டர் கேஜில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர்தான் இடைவெளி. பிராட் கேஜில் 1,676 மில்லிமீட்டர். மதுரைப் பக்கமெல்லாம் பிராட் கேஜ் ஆன பிறகு நம் பாதை தனியாக மாட்டிக்கொண்டது. சென்னை ரயில் இங்கே வர முடியாது, இங்கத்திய பெட்டி வேறெங்கும் போக முடியாது. மதுரையில் இறங்கி மாற வேண்டும். சரக்கு என்றால் இறக்கி ஏற்ற வேண்டும். அந்தச் செலவுக்கு லாரியே மேல் என்று வியாபாரிகள் லாரிக்குப் போய்விட்டார்கள். மாற்றித்தான் ஆக வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 90 கிலோமீட்டர் வேலைக்குப் 12 வருஷத்துக்கு மேல் ஆகும் என்று யார் நினைத்தது? ஒவ்வொரு பட்ஜெட் வரும்போதும் பேப்பரில் நம் பாதைக்கு எவ்வளவு என்று தேடுவோம். ஒதுக்குகிற பணம் கொஞ்சமாக இருக்கும், வேலையும் அந்த அளவுக்குத்தான் நகரும். கணவாயில் பாறையை உடைத்து அகலப்படுத்த வேண்டியிருந்தது வேறு. 2020 ஜனவரியில் உசிலம்பட்டி வரைக்கும் சோதனை ஓட்டம். 2022 மே 26ஆம் தேதி பிரதமர் சென்னையில் தொடங்கிவைக்க, தேனி வரை 75 கிலோமீட்டருக்கு ரயில் வந்தது. அந்தப் பகுதிக்கு மட்டும் 500 கோடிக்கு மேல் செலவு. மிச்சம் இருந்த 15 கிலோமீட்டரும் முடிந்து இந்த ஜூனில் நம் ஊருக்கு வந்தது. இராத்திரி எட்டரை மணி சென்னை வண்டிக்கு மத்திய இணையமைச்சர் எல்.முருகன் கொடியசைத்தார். கூட்டத்தில் நானும் இருந்தேன். என் வயசுக்காரர்கள் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் நின்றோம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். பஸ் இருக்கிறது, நிஜம். ஆனால் அப்பத்தாவை நினைத்துப் பார். கண் காட்ட மதுரை அரவிந்த் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால், அவள் முதல் நாள் சாயந்திரத்திலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டாள். காப்பி கொடுத்தாலும் வேண்டாம் என்பாள். என்ன வியாதியோ என்று நான்கூடப் பயந்தேன். உன் அம்மாதான் விஷயத்தைச் சொன்னாள். பஸ்ஸில் அவசரம் வந்தால் எங்கே நிறுத்தச் சொல்வது, யாரிடம் கேட்பது? அந்தக் கூச்சம். சர்க்கரை இருக்கிற பொம்பளை, வெயில் காலத்தில், சொட்டுத் தண்ணீர் இல்லாமல் மதுரை வரை உட்கார்ந்து வருவாள். இந்த ஊரில் அவளை மாதிரி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஜூலையில் அவளை ரயிலில் கூட்டிப்போனேன். ஏறியதும் முதல் வேலையாகப் பெட்டிக் கோடியில் கக்கூஸ் இருக்கிறதா, கதவு ஒழுங்காகத் தாழ்ப்பாள் விழுகிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்து உட்கார்ந்து, "தண்ணிய எடுடா" என்றாள். பாட்டில் தண்ணீரைப் பாதிக்கு மேல் குடித்தாள். இதற்காகத்தான் பாப்பா ஊர் கொண்டாடுகிறது.

ஆனால் குறையும் இருக்கிறது. தினசரி வண்டி காலையில் மதுரையிலிருந்து புறப்பட்டுப் பத்தரை மணிவாக்கில் இங்கே வருகிறது. சாயந்திரம் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் திரும்பிப் போகிறது. மதுரையிலிருந்து இங்கே வேலைக்கு வருகிறவர்களுக்கு அது சரி. போடிக்காரன் காலையில் ஆஸ்பத்திரிக்கோ கோர்ட்டுக்கோ காலேஜுக்கோ போய்விட்டு ராத்திரி வீடு திரும்ப இதில் வழியே இல்லை. நாங்கள் அன்றைக்குச் சாயந்திரம் போய், சித்தி வீட்டில் தங்கி, மறுநாள் ஆஸ்பத்திரி பார்த்து, ராத்திரியும் அங்கேயே படுத்து, அதற்கடுத்த நாள் காலை வண்டியில்தான் ஊர் திரும்பினோம். சித்தி வீடு இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? விடியற்காலையில் இங்கிருந்து ஒரு வண்டி, இரவில் மதுரையிலிருந்து திரும்ப ஒரு வண்டி. இதைத்தான் எங்கே மனு கொடுத்தாலும் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. சிலர் கம்பம், லோயர் கேம்ப் வரை புதுப்பாதை வேண்டும் என்கிறார்கள். வரட்டும், நல்லதுதான். கையில் இருக்கிற பாதையில் நேரத்தை மாற்றுவது அதைவிட உடனே நடக்கக் கூடியது.

சென்னை வண்டியும் வாரத்தில் மூன்று நாள்தான். தினமும் விட வேண்டும் என்றால் இருக்கிற மூன்று நாளும் பெட்டி நிறைய வேண்டும். காலியாக ஓடுகிற வண்டியை வைத்துக்கொண்டு இன்னொரு வண்டி கேட்க முடியாது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சென்னையில் எவ்வளவு பேர் இருக்கிறீர்கள்! எல்லோரும் பழக்கதோஷத்தில் ஆம்னி பஸ்ஸுக்கே போகிறீர்கள். பண்டிகை சமயத்தில் அவர்கள் கேட்கிற பணத்தையும் கொடுத்துவிட்டு இங்கே வந்து புலம்புகிறீர்கள்.

ஆகையால் பொங்கலுக்கு நீ ரயிலில்தான் வர வேண்டும். பொங்கல் ஜனவரி 15, திங்கட்கிழமை. சென்னையிலிருந்து வண்டி திங்கள், புதன், வெள்ளி இராத்திரி 10.30க்கு. நீ 12ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஏறினால் சனிக்கிழமை காலை 9.35க்கு இங்கே. வண்டி நம்பர் 20601. எழும்பூருக்குப் போய் நிற்காதே, இது சென்ட்ரலிலிருந்து கிளம்புகிறது. காட்பாடி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் வழியாக வரும். அதற்குப் புக்கிங் திறப்பது செப்டம்பர் 14, காலை எட்டு மணி. பொங்கல் டிக்கெட் நிமிஷத்தில் போய்விடும், அதனால் ஆபீஸ் கிளம்புவதற்கு முன்பே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார். கீழ் பெர்த் கிடைத்தால் நல்லது. மதுரையில் காலை ஏழு மணிவாக்கில் கூட்டம் இறங்கிவிடும். அதற்கப்புறம் தூங்காதே. உசிலம்பட்டி தாண்டியதும் கணவாய் வரும், முழித்திருந்து பார். உன் கூட வேலை பார்க்கிற சின்னமனூர்ப் பெண்ணையும் இதிலேயே போடச் சொல். அவள் தேனியில் இறங்கிக்கொள்ளலாம்.

திரும்பிப் போக இங்கிருந்து ஞாயிறு, செவ்வாய், வியாழன் இராத்திரி 8.30 மணி வண்டி, நம்பர் 20602. 18ஆம் தேதி வியாழக்கிழமை போட்டுக்கொள். அதற்கு செப்டம்பர் 20ஆம் தேதி புக்கிங். மறுநாள் காலை எட்டு மணிக்கு முன்பே சென்ட்ரலில் இருப்பாய், அப்படியே ஆபீஸ் போய்விடலாம். இரண்டு டிக்கெட்டுக்கும் பணம் நான் அனுப்புகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே.

அம்மா உனக்கு இலவம்பஞ்சில் புதுத் தலையணை தைத்து வைத்திருக்கிறாள். ரயிலில் தூக்கிப்போக வசதிதானே என்று சொல்லி இன்னொன்றும் தைக்கிறாள், உன் ரூம் பிள்ளைக்காம். டிக்கெட் கிடைத்ததும் எத்தனை மணி என்று பார்க்காமல் எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா