அணு ஆரம்: விதியோடு காரணத்தையும் கற்பிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனிம வரிசை அட்டவணையைப் பற்றி, 'தொகுதியில் கீழே செல்லச் செல்ல அணு ஆரம் (அணுவின் பருமனைக் காட்டும் அளவு) அதிகரிக்கும், வரிசையில் வலப்புறம் செல்லச் செல்லக் குறையும்' என்னும் இரண்டு வரிகளை ஒரு மதிப்பெண் வினாவுக்காக மனப்பாடம் செய்துவிட்டு, காரணம் அறியாமலே மாணவர்கள் மேல்நிலை வகுப்பைக் கடந்துவிடுவது, வேதியியல் கற்பித்த எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

நான்காம் தொகுதியைப் பாருங்கள். டைட்டேனியத்தின் அணு ஆரம் 147 பிக்கோமீட்டர். அதற்குக் கீழுள்ள சிர்க்கோனியத்துக்கு 160. விதிப்படி அடுத்துள்ள ஹாஃப்னியத்துக்கு இன்னும் அதிகமாக இருக்க வேண்டும். ஆனால் இருப்பது 159தான். இடையில் வரும் லாந்தனைடுகள் என்னும் தனிம வரிசையில், எஃப் ஆர்பிட்டால்கள் எனப்படும் உள் எலக்ட்ரான் மண்டலங்களில் சேரும் 14 எலக்ட்ரான்கள் அணுக்கருவின் ஈர்ப்பைச் சரிவர மறைப்பதில்லை. அதனால் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் உள்ளே இழுக்கப்படுகின்றன. ஒரு கூடு கூடுதலாக இருந்தும் அணு பெரிதாவதில்லை. இதுவே லாந்தனைடு குறுக்கம். அணு நிறை ஏறத்தாழ இரு மடங்காகியும் பருமன் மாறாததால், அடர்த்தி மட்டும் சிர்க்கோனியத்தின் கன சென்டிமீட்டருக்கு 6.5 கிராமிலிருந்து ஹாஃப்னியத்தில் 13.3 கிராமாக உயர்ந்துவிடுகிறது.

பருமனும் வேதிப் பண்பும் இவ்வளவு ஒத்திருந்ததால்தான், 1789இல் சிர்க்கோனியம் அறியப்பட்ட பின்னும் அதன் தாதுவிலேயே கலந்திருந்த ஹாஃப்னியம் 1923 வரை கண்ணில் படவில்லை. கோபன்ஹேகனில் அறிவியலாளர்கள் காஸ்டரும் ஹெவெஷியும் எக்ஸ் கதிர் நிறமாலையைக் கொண்டே அதைக் கண்டறிய முடிந்தது.

இது நமக்குத் தொலைவில் உள்ள செய்தியும் அன்று. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் சிர்க்கோனியத்தின் தாதுவான சிர்க்கான் கிடைக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் அணுஉலைத் தரச் சிர்க்கோனியம் தயாராகிறது. ஹாஃப்னியம் சிர்க்கோனியத்தைப் போல 500 மடங்குக்கும் மேலாக நியூட்ரான்களை விழுங்கும் என்பதால், அணுஉலை எரிபொருளை அடைக்கும் உறைக்குழாய் செய்வதற்கு முன் அதை அறவே நீக்கியாக வேண்டும். வேதிப் பண்பில் இரட்டையரான இவற்றைப் பிரிக்கும் பணி எத்தனை கடினமானது என்பதை, லாந்தனைடு குறுக்கத்தைப் புரிந்துகொண்ட மாணவரே உணர முடியும்.

எனவே, பாடநூலிலும் வினாத்தாளிலும் ஆர மதிப்புகளை எண்களாகவே கொடுத்து, போக்கு எங்கே பிறழ்கிறது, ஏன் பிறழ்கிறது என்று மாணவர்களையே விளக்கச் சொல்லும் வினாக்கள் இடம்பெற வேண்டும். அவற்றுக்கு மூன்று அல்லது ஐந்து மதிப்பெண் ஒதுக்க வேண்டும் எனப் பள்ளிக் கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
தூத்துக்குடி.