தகட்டில் இருக்கும் எண்

கதிருக்கு,

நம் பழைய மோரிஸ் மைனர் காரின் எஞ்சின் எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி யாரோ உன்னிடம் கேட்டிருப்பதாக அம்மா சொன்னாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. வண்டி உன் பெயரில் இருக்கிறது, சாவியும் உன்னிடம். படத்தை மட்டும் அவசரப்பட்டு அனுப்பிவிடாதே. முதலில் நீ பார்.

கார்புரேட்டர் பக்கம் தேடாதே. வலப்பக்கம், பிளக்குகள் இருக்கும் பக்கத்தில், டைனமோவுக்கு மேலே பிளாக்கில் சின்னதாக ஒரு தகடு அடித்திருக்கும். எண்ணெயும் தூசியும் அப்பிக் கிடக்கும். பழைய பல்துலக்கியை மண்ணெண்ணெயில் தொட்டுத் தேய். உப்புத்தாள், கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம். எழுத்தின் ஓரம் மழுங்கினால் யாரோ சுரண்டிய எண் என்று சந்தேகப்படுவார்கள். கைபேசி விளக்கை நேராக அடிக்காமல் தகட்டோரமாகச் சாய்த்துப் பிடி. 3 எது, 8 எது என்று அப்போதுதான் பிரியும். அப்படியும் தெரியாவிட்டால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடு.

பிளாக்கில் புடைத்து நிற்கும் எண்ணைப் பார்த்து ஏமாறாதே. அது வார்ப்பு எண், அதே அச்சில் வார்த்த எல்லா பிளாக்கிலும் இருக்கும். எஞ்சின் எண் குத்தியது, குழிந்திருக்கும்.

9எம்/யு/எச் என்று ஆரம்பிக்கும். 9 என்றால் 948 சிசி, எம் என்றால் மோரிஸ் மைனர், யு தரை கியர். எச் என்றால் ஹை கம்ப்ரஷன், அழுத்த விகிதம் 8.3. எல் என்றிருந்தால் லோ, 7.2. அதற்குப் பிறகு வரிசை எண். 1962இல் வந்த 1098 சிசி எஞ்சினுக்கு 10எம்ஏ. பல்க்ஹெட்டில், அதாவது எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் நிற்கும் தகட்டுச் சுவரில், இருக்கும் சேஸி எண்ணையும் சேர்த்துப் பார். நம்முடையது எம்ஏஎஸ்3 என்று ஆரம்பிக்கும், 1098 வண்டி என்றால் அந்த 3க்குப் பதில் 5 வரும். பதிவில் உள்ள எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடு.

எல்லாம் ஒத்துப்போகும். அதோடு விட்டுவிடாதே. சாங்கியில் விமான எஞ்சினுக்குக் கையெழுத்துப் போடுகிற பிள்ளை என்று நம் அடுக்குமாடி புளோக் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குப் பொங்கோலிலிருந்து உட்லண்ட்ஸ் வர ஒரு ஞாயிற்றுக்கிழமை அகப்படவில்லை. சரி, அதை விடு.

தகட்டைப் பிடித்து நிற்கும் ஆணியை, ரிவெட்டைப் பார். ஆலையில் அடித்ததென்றால் தலை மூடியிருக்கும். நடுவில் ஓட்டை தெரிந்தால் பாப் ரிவெட், பிற்பாடு கழற்றி அடித்தது. குனிந்து கியர்பாக்ஸையும் பார். 948இன் கூடு வழவழவென்று இருக்கும், 1098இன் கூட்டில் வரிவரியாகப் புடைப்பு. கிளட்ச் முன்னதில் 6¼ அங்குலம், பின்னதில் 7¼. அதனால் எஞ்சினை மாற்றுகிறவர்கள் கியர்பாக்ஸையும் சேர்த்தே இறக்கி ஏற்றிவிடுவார்கள்.

நம் வண்டியில் ஓட்டை தெரியும். கூட்டில் வரியும் இருக்கும்.

நான் செய்த வேலை. 1996இல் பிளாக் விரிசல் விட்டது. கைக்கு ஒரு 1098 கிடைத்தது. நிலப் போக்குவரத்து ஆணையத்தில் முறையாக அனுமதி வாங்கி எண்ணை மாற்றியிருக்க வேண்டும். அலையச் சோம்பல்பட்டுப் பழைய தகட்டைப் பெயர்த்துப் புது எஞ்சினில் அடித்துவிட்டேன். "முப்பத்தஞ்சு வருஷமா அதே எஞ்சின்" என்று தாத்தா வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுவார். நான் பக்கத்திலேயே நிற்பேன். உன் பெயருக்கு மாற்றிய அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும்.

நீ வண்டியை விற்கப் போனால், வாங்குகிறவனோடு விஷயம் தெரிந்தவன் எவனாவது கூட வந்தால் இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவான். பழி உன் தலையில் விழும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், படத்தை அனுப்பாதே. பதிவைச் சரிசெய்ய நானும் வருகிறேன். மாற்றியவன் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அதற்கப்புறம் வண்டியை என்ன செய்வதென்பது உன் இஷ்டம்.

இப்போது ஓடுகிற எஞ்சினின் சொந்தத் தகடு, 10எம்ஏ, என்னிடம் பிஸ்கட் டின்னில் இருக்கிறது. அதைத் தபாலில் அனுப்ப மாட்டேன்.

அப்பா